எட்டு மாதம் ஊரில் இருந்தேன். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நியூ ஜெர்சியில் இருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலை. 2020 மார்ச் 10 அன்று கிரீன் கார்டு கிடைத்தது. கொரோனா காலம் என்பதால் இரண்டரை ஆண்டுக்கு மேல் எங்கும் போகவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் என்று 2022 டிசம்பர் 2ஆம் தேதி திருநெல்வேலிக்குக் கிளம்பினேன். 2023 ஆகஸ்ட் 4ஆம் தேதிதான் திரும்ப முடிந்தது. முதல் ஐந்து மாதம் அங்கிருந்தே வேலை பார்க்கக் கம்பெனி அனுமதித்தது. பிறகு சம்பளமில்லா விடுப்பு. மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தார்கள். ஆனால் வாடகை மிச்சமாகட்டும் என்று அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டு, எடிசனில் என் அக்கா வீட்டில் தங்கினார்கள். விடுப்பில் இருந்தபோது ஊரில் நண்பர் ஒருவரின் கம்பெனிக்குச் சில வேலைகள் செய்து கொடுத்துப் பணமும் வாங்கினேன். அதற்குப் பிறகு 2024இல் ஒரு மாதம் மட்டும் ஊருக்குப் போய்வந்தேன்.

ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது. இப்போது விண்ணப்பித்தால் நிராகரித்துவிடுவார்களா? கம்பெனியில் சென்னைக் கிளைக்கு 15 மாதம் போகச் சொல்கிறார்கள், போகலாமா? அக்கா மூலம் 2018இல் கிரீன் கார்டு வாங்கிய அம்மா, ஐந்து மாதம் ஊரிலும் ஒரு மாதம் இங்கேயுமாக இருக்கிறார். அவருக்குக் குடியுரிமை கிடைக்குமா?

— வாசகர், நியூ ஜெர்சி

பதில்: நீங்கள் இப்போதே விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த எட்டு மாதத்துக்கு விளக்கமும் ஆதாரமும் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். சென்னைப் பயணத்தைக் குடியுரிமைக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதில்தான் உங்களுடைய உண்மையான ஆபத்து இருக்கிறது. அம்மாவுக்கு இப்போதைய நிலையில் குடியுரிமை கிடைக்காது. அவருடைய கிரீன் கார்டைப் பற்றியே நீங்கள் கவலைப்பட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு வேறு கணக்குகள்

அமெரிக்கக் குடிவரவு மற்றும் தேசியச் சட்டத்தின் 316ஆம் பிரிவு, கிரீன் கார்டு உள்ளவரிடம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்கிறது. ஒன்று, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டில் பாதிக் காலமாவது, அதாவது 30 மாதமாவது, அமெரிக்க மண்ணில் இருந்தீர்களா? இரண்டு, அந்த ஐந்து ஆண்டும் உங்கள் குடியிருப்பு அறுபடாமல் அமெரிக்காவிலேயே இருந்ததா?

முதலாவது வெறும் நாள் கணக்கு. 913 நாள் தேற வேண்டும். விமானம் ஏறிய நாளும் வந்து இறங்கிய நாளும் உங்களுக்குச் சாதகமாக, அமெரிக்காவில் இருந்த நாள்களாகவே சேரும். நீங்கள் சொன்ன இரண்டு பயணங்களையும் கழித்தாலும் 913ஐ நீங்கள் எளிதாகத் தாண்டிவிடுகிறீர்கள். அந்தக் கவலை வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் வீடு எங்கே இருந்தது என்ற கேள்வி. பலர் நாள்களை எண்ணிப் பார்த்துவிட்டு நிம்மதியாகி, இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே பயணத்தில் ஆறு மாதம் வரை வெளியே இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆறு மாதத்தைத் தாண்டி ஓர் ஆண்டுக்குள் திரும்பினால், குடியிருப்பு அறுந்துவிட்டது என்றே சட்டம் அனுமானிக்கும்; இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் நிரூபிக்கவே இடமில்லை. காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், நான் பிறகு சொல்லப்போகும் விதிவிலக்கு இல்லாவிட்டால் குடியிருப்பு அறுந்தது அறுந்ததுதான். நீங்கள் நடு வகையில் இருக்கிறீர்கள்.

அப்பாவின் நோய் மட்டும் போதாது

உங்களைப் போன்றவர்கள் நேர்காணலுக்கு மருத்துவமனைக் காகிதங்களை ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். கொண்டுபோங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் ஏன் போனீர்கள் என்பதைத்தான் அவை சொல்லும். போயிருந்த காலத்தில் உங்கள் குடும்பமும் பிழைப்பும் எங்கே வேர் பிடித்திருந்தன என்பதைத்தான் அதிகாரி பார்க்கிறார். விதிமுறைகள் இதற்கு நான்கு அளவுகோல்களை உதாரணமாகத் தருகின்றன. அமெரிக்க வேலையை விடாமல் இருந்தீர்களா? நெருங்கிய குடும்பத்தினர் அமெரிக்காவிலேயே இருந்தார்களா? அங்குள்ள வீடு எந்நேரமும் போய்த் தங்கும்படி உங்கள் கைவசம் இருந்ததா? வெளிநாட்டில் வேறு வேலையில் சேராமல் இருந்தீர்களா?

முதல் இரண்டிலும் நீங்கள் பலமாக நிற்கிறீர்கள். ஐந்து மாதம் திருநெல்வேலியிலிருந்து பார்த்தது அமெரிக்கக் கம்பெனியின் வேலை. அதன் பிறகும் வேலையை விடவில்லை, விடுப்பில்தான் இருந்தீர்கள். விடுப்பின் தொடக்க நாள், முடிவு நாள், திரும்பி வந்து அதே பொறுப்பில் சேர்ந்த நாள் ஆகியவை தெளிவாக இருக்கும் கடிதத்தைக் கம்பெனியிடம் வாங்குங்கள். பிள்ளைகளின் பள்ளி வருகைப் பதிவும் மதிப்பெண் அட்டையும், மனைவி வேலைக்குப் போனால் அவருடைய சம்பளச் சீட்டும் குடும்பம் இங்கே இருந்ததற்குச் சாட்சி.

மூன்றாவது அளவுகோலில் ஓட்டை விழுகிறது. அபார்ட்மென்ட்டைக் காலி செய்ததைக் குடும்பமே அமெரிக்காவைவிட்டுக் கிளம்பத் தயாரானதாக அதிகாரி எடுத்துக்கொள்ளக் கூடும். அக்கா வீட்டில் உங்களுக்கும் இடம் இருந்தது, மனைவி மக்கள் அங்கேதான் வசித்தார்கள், வங்கிக் கடிதமும் கார் காப்பீடும் அந்த முகவரிக்குத்தான் வந்தன, திரும்பியதும் நீங்கள் புது வாடகை ஒப்பந்தம் போட்டீர்கள் என்பதைக் காகிதங்களால் காட்டுங்கள். அக்காவிடம் நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி வாங்கலாம். தட்டுமுட்டுச் சாமான்களை வாடகைக் கிடங்கில் வைத்திருந்தால் அந்த ரசீதும் உதவும்.

நான்காவதுதான் கூச்சமான இடம்: நண்பரின் கம்பெனி. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். என்-400 படிவம் ஐந்து ஆண்டு வேலை விவரம் கேட்கிறது. சத்தியப் பிரமாணத்தின் மேல் பொய் சொன்னது தெரிந்தால், நன்னடத்தை என்ற இன்னொரு தகுதியே போய்விடும். சில வாரங்களுக்கு உதிரியாகச் செய்த வேலை குடியிருப்பை அறுத்துவிட்டதாக முடிவு செய்ய ஓர் அதிகாரி நிறைய மெனக்கெட வேண்டும். அதை மறைத்தீர்கள் என்று முடிவு செய்வது அவருக்குச் சுலபம்.

கடைசியாக வரி. அந்த ஆண்டுகளில் அமெரிக்கக் குடியிருப்பாளராகத்தானே கணக்குத் தாக்கல் செய்தீர்கள்? இந்திய வருமானத்துக்கு வரி மிச்சமாகும் என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டுக் குடியிருப்பாளர் அல்லாதவராகத் தாக்கல் செய்திருந்தால், நிரந்தரக் குடியிருப்பையே நீங்கள் கைவிட்டதாக அனுமானிக்க விதிமுறையில் இடம் இருக்கிறது. ஐ.ஆர்.எஸ். தரும் வரிக் கணக்குப் பிரதியை ஐந்து ஆண்டுக்கும் எடுத்து, ஒருமுறை பார்த்துவிட்டு மேலே போங்கள். நண்பர் தந்த பணம் அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காத்திருப்பதும் ஒரு வழி

ஆதாரம் திரட்ட முடியவில்லை என்றால், நீங்கள் திரும்பி வந்த நாளிலிருந்து நான்கு ஆண்டு ஆறு மாதம் கழித்து விண்ணப்பிக்கலாம். உங்கள் கணக்கில் அது 2028 பிப்ரவரி. அப்போது பின்னோக்கி எண்ணும் ஐந்து ஆண்டுக்குள், அந்தப் பயணத்தின் கடைசி ஆறு மாதம் மட்டுமே விழும், அனுமானம் எழாது. இடையில் இன்னொரு நீண்ட பயணம் போகக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

இப்போதே விண்ணப்பித்து நிராகரிப்பு வந்தாலும் கதை முடிந்துவிடாது. முடிவு கிடைத்த 30 நாளுக்குள் என்-336 படிவம் மூலம் மறுவிசாரணை கேட்கலாம். அதன் பிறகு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் போகலாம். அல்லது காலம் கனிந்ததும் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டிய கட்டணம் திரும்பி வராது. குடும்பத்தோடு இருக்கும் உங்கள் ஆதாரங்களை வைத்துப் பார்த்தால், காத்திருக்கச் சொல்வதைவிட விண்ணப்பிக்கச் சொல்லவே எனக்குத் தோன்றுகிறது.

சென்னை 15 மாதம்

15 மாதம் ஒரே மூச்சில் போனால் ஓர் ஆண்டு தாண்டிவிடும். நீங்கள் இதுவரை சேர்த்த காலமெல்லாம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ரீஎன்ட்ரி பெர்மிட் வாங்கிக்கொண்டால் போதும் என்று கம்பெனியின் மனிதவளத் துறையில் சொல்வார்கள். ஐ-131 படிவத்தில் கிடைக்கும் அந்தக் காகிதம் இரண்டு ஆண்டு வரை செல்லும். கிரீன் கார்டோடு திரும்பி வர உதவும். குடியுரிமைக்கான குடியிருப்பை அது காப்பாற்றாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

குடியிருப்பைக் காப்பாற்றுவது என்-470 படிவம். முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான். கிரீன் கார்டு கிடைத்த பிறகு ஒரு நாள்கூட வெளியே போகாமல் ஓர் ஆண்டாவது அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். கொரோனா அடைத்து வைத்த காலம் உங்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறது. வெளியே போய் ஓர் ஆண்டு ஆவதற்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். வேலை, அமெரிக்காவின் அயல்நாட்டு வணிகத்தை வளர்க்கும் அமெரிக்க நிறுவனத்துக்கோ, அந்த நிறுவனம் பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கும் துணை நிறுவனத்துக்கோ இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியின் தலைமை இந்தியாவில் என்றால், இந்த வாசல் பெரும்பாலும் திறக்காது. திறந்தாலும் 30 மாத நாள் கணக்கில் உங்களுக்குச் சலுகை கிடையாது. சென்னையில் கழியும் நாளெல்லாம் வெளிநாட்டு நாளாகவே ஏறும். ரீஎன்ட்ரி பெர்மிட்டும் தனியாக வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்ணப்பம் போட்ட கையோடு கிளம்பலாம் என்று நினைக்காதீர்கள். விண்ணப்ப நாளிலிருந்து உறுதிமொழி எடுக்கும் நாள் வரைக்கும் குடியிருப்பு தொடர வேண்டும் என்கிறது சட்டம். குடிமகன் ஆகிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு இல்லை. எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வெளியே இருக்கலாம். ஆனால் அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்து, ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொண்டுதான் சென்னை வேலைக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கும் சில மாதம் ஒதுக்குங்கள்.

அம்மாவின் நிலை

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் போதும் என்பது நம் வீடுகளில் பரவிக் கிடக்கும் தவறான நம்பிக்கை. அம்மாவின் எந்தப் பயணமும் 180 நாளைத் தாண்டவில்லை, உண்மை. ஆனால் ஆண்டில் பத்து மாதம் ஊரில் இருப்பதால் ஐந்து ஆண்டில் சேர்வது ஏறக்குறைய 10 மாதம், தேவை 30. குடியுரிமைக் கதவு அங்கேயே மூடிவிடுகிறது. அதோடு, நிரந்தரக் குடியிருப்பு என்றால் நிரந்தரமாக அமெரிக்காவில் வாழ்வது. வருவதும் போவதும் இப்படியே நடந்தால், அந்தக் குடியிருப்பைக் கைவிட்டதாக விமான நிலையத்தில் ஒரு நாள் கேள்வி எழும். அப்போது ஐ-407 படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், புரியாமல் போட்டுவிடக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அது கிரீன் கார்டைத் தாமாகத் திருப்பித் தரும் படிவம். மறுத்துக் குடிவரவு நீதிபதியின் விசாரணையைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள அம்மா ஊரில்தான் இருக்க வேண்டும் என்றால், அடுத்த முறை இங்கே வரும்போதே ரீஎன்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இருக்கும்போதுதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். குடியுரிமை வேண்டும் என்று அவர் விரும்பினால் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும்: ஆண்டில் ஏழெட்டு மாதம் இங்கே, மிச்சம் ஊரில்.

இனிச் செய்ய வேண்டியவை

பழைய, புதிய கடவுச்சீட்டுகளின் முத்திரைகளைப் பார்த்துப் பயணப் பட்டியல் தயார் செய்யுங்கள். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் பயணமும் அதில் விடுபடக் கூடாது. கம்பெனிக் கடிதம், வரிப் பிரதி, அக்காவின் உறுதிமொழி மூன்றும் வந்ததும், குடிவரவு வழக்குகள் நடத்தும் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் கோப்பைக் காட்டிவிட்டு என்-400ஐ அனுப்புங்கள். சென்னைப் பதவிக்குக் கம்பெனி அவசரப்படுத்தினால், உறுதிமொழி எடுக்கும் நாள் வரைக்கும் தவணை கேளுங்கள். தர மறுத்தால், போகும் காலம் ஓர் ஆண்டைத் தொடாதபடி இரண்டு மூன்று குறுகிய பயணங்களாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், குடும்பமும் வீடும் இங்கேயே இருக்க வேண்டும். அதற்கும் ஒப்பவில்லை என்றால், அந்தச் சென்னை வேலையின் விலை குடியுரிமைக்கு இன்னும் நாலைந்து ஆண்டு என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.