விரல் முந்தி, ஒலி பிந்தி

பொங்கல் விழாவுக்கு ஒத்திகை தொடங்கிவிட்டால் விடுதி அறைகளில் கீபோர்டும் மடிக்கணினியும் கூட்டுச் சேர்ந்துவிடுகின்றன. இரண்டையும் யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்துக் கட்டையை அழுத்தினால், வீணையோ வயலினோ கணினியிலிருந்து ஒலிக்க வேண்டும். ஒலிக்கத்தான் செய்கிறது; ஆனால் சற்றுப் பிந்தி ஒலிக்கிறது. சவுக்க காலத்தில் இது தெரிவதில்லை. துரித காலம் வந்தவுடன் மிருதங்கக்காரர் முகம் சுளிக்கிறார். பழி வாசிப்பவர்மீது விழுகிறது. பெரும்பாலும் அவர் நிரபராதி.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மில்லி நொடியில் 34 சென்டிமீட்டர். மூன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் வாத்தியம் நம் காதுக்கு எட்டவே 10 மில்லி நொடி ஆகிறது. அதனால் எந்தக் கச்சேரியும் கெட்டதில்லை. கணினியின் தாமதம் 100 மில்லி நொடி ஆகும்போதோ, நம் விரலுக்கும் ஒலிக்கும் இடையே 34 மீட்டர் தொலைவு வந்துவிடுகிறது! அவ்வளவு தூரத்தில் இருக்கும் வாத்தியத்தை யார் வாசிக்க முடியும்?

இத்தாமதம் எங்கே பிறக்கிறது? கணினிக்கு ஒலி ஒன்றே வேலையன்று. ஆகவே ஒலியின் மாதிரிகளைப் ‘பஃபர்’ என்னும் தொட்டியில் நிரப்பி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறது. நொடிக்கு 48,000 மாதிரி என்று கொண்டால், 512 மாதிரி கொண்ட தொட்டி 10.7 மில்லி நொடி. 128 கொண்டது 2.7. தொட்டி சிறிதானால் தாமதம் குறையும். ஆனால் கணினி திரும்பி வருமுன் அது வற்றிவிட்டால் ‘படபட’ என்ற பொரியல் ஓசை எழும். மைக்கில் பாடி அதையே காதில் கேட்பதானால் உள்ளே வர ஒரு தொட்டி, வெளியே போக ஒரு தொட்டி. போதாதற்கு, எல்லாச் செயலிகளின் ஒலியையும் கலக்கும் விண்டோஸின் கலவைப் பகுதி தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும்.

அக்கலவையைச் சுற்றிக்கொண்டு போகும் வழியே 1997-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தந்த ‘ஏசியோ’. மடிக்கணினியின் உள்ளமை ஒலி அட்டைக்குப் பொதுவாக ஏசியோ டிரைவர் கிடைப்பதில்லை. அக்குறையைத் தீர்ப்பது ‘ஏசியோ ஃபார் ஆல்’ என்னும் இலவச மென்பொருள். இசைச் செயலியிடம் ஏசியோவாக வேடம் புனைந்து, கீழே விண்டோஸின் சாதாரண டிரைவரோடு பேசும் இடைத்தரகர் அது. அதன் பலகையில் உள்ளமை அட்டையை மட்டும் ஏற்றுங்கள். மைக் வேண்டாமெனில் அணைத்துவிடுங்கள். 512-இல் தொடங்கி 256, 128 என இறங்குங்கள். பொரியல் கேட்ட இடத்திலிருந்து ஒரு படி மேலே வந்து நில்லுங்கள். பிரவுசரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அட்டை கிடைக்காமல் போகலாம், அதை மூடிவிடுக.

விண்டோஸ் 10 முதல் மற்றொரு வழியும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் தயாரிப்பாளரின் டிரைவரை விடுத்து, பட்டியலில் இருந்தால் ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்னும் மைக்ரோசாப்ட் டிரைவரைத் தேர்ந்தால், 10 மில்லி நொடியிலிருந்து 2.66 வரை தொட்டியைச் சுருக்க இடமுண்டு. கேட்கத் தெரிந்த செயலிகளுக்கே அப்பயன் கிட்டும். தயாரிப்பாளர் செய்த ஒலி மெருகு போய்விடும். வேண்டாமெனில் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். லினக்ஸ்காரர்களுக்குப் பைப்வயர் இருக்கிறது. ஆப்பிள்காரர்களுக்கு இக்கட்டுரையே தேவையில்லை.

512-இலும் பொரிகிறதா? ஒலி அட்டையை வையாதீர்கள். வை-ஃபை டிரைவர் கணினியை அவ்வப்போது பிடித்து நிறுத்துவதுண்டு. ‘லேட்டன்சிமான்’ என்ற கருவி குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடும். வாசிக்கும் நேரம் வை-ஃபையை அணைத்து, சார்ஜரைச் செருகி, மின்சிக்கன ஏற்பாட்டை நீக்குவது நலம். புளூடூத் காதணியோ அறவே கூடாது. அது சேர்க்கும் தாமதத்தை எந்த டிரைவராலும் போக்க முடியாது.

திரையில் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். டிரைவருக்கு அப்பால் அட்டைக்குள் ஆகும் தாமதம் அதில் சேர்ந்திருக்காது. அளப்பது எளிது. கீபோர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் அருகே கைப்பேசியை வைத்துப் பதிவுசெய்து, கட்டையை விரலால் ‘டக்’கென்று தட்டுங்கள். பதிவை ‘ஆடாசிட்டி’யில் திறந்தால் தட்டிய ஓசை ஒரு முகடாகவும், வாத்திய ஒலி அடுத்த முகடாகவும் தெரியும். இடைவெளியைப் பத்து முறை அளந்து சராசரி எடுங்கள். 20 மில்லி நொடிக்குள் வந்தால் தனி ஒலிப்பெட்டிக்குப் பணம் தேட வேண்டியதில்லை. மிருதங்கக்காரரை மறுபடி அழைக்கலாம்.