மாரடைப்பும் ஐ 21 என்னும் குறியீடும்

டி. கல்லுப்பட்டிப் பகுதியிலிருந்து நெஞ்சுவலியுடன் வந்த பெரியவர் ஒருவரின் மகன், துணிப்பை நிறையக் காகிதங்கள் கொண்டுவந்திருந்தார். மருந்துக்கடை ரசீதுகள், ஆதார் நகல், காப்பீட்டு அட்டை என எல்லாம் இருந்தன. மூன்று வாரங்களுக்கு முன் வேறோர் ஊரில் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் இல்லை. “பத்திரமா இருக்கட்டும்னு பீரோல வச்சிட்டோம் சார்” என்றார்.

அத்தாளில் நோயின் பெயருக்கு அருகே ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில், பத்தாம் திருத்தத்தின்படி, புதிய மாரடைப்புக்குரிய குறியீடு ஐ 21 ஆகும். (முதலில் நிற்பது ‘ஐ’ என்னும் எழுத்து, அதை எண்ணாகக் கொண்டு நூற்று இருபத்தொன்று என்று படிப்போர் பலர்.) புள்ளிக்குப் பின்வரும் எண் மாரடைப்பின் வகையைச் சொல்லும். 0 என்றால் இதயத்தின் முன்சுவர். 1 என்றால் கீழ்ச்சுவர். 4 என்றால் இதயச்சுவரின் முழுத் தடிமனையும் தாக்காத மாரடைப்பு. 9 என்றால் வகை குறிப்பிடப்படவில்லை. எண் பெரிதானால் நோய் பெரிது என்று கொள்ளற்க. 0 என்று குறிக்கப்படும் முன்சுவர் மாரடைப்பே பெரும்பாலும் இதயத்தை மிகுதியாகப் பலவீனப்படுத்துகிறது.

இக்குறியீட்டில் காலமும் அடங்கியுள்ளது. நான்கு வாரங்கள், அதாவது 28 நாள்கள் வரை அது ஐ 21. அதற்குள் மீண்டும் மாரடைப்பு நேர்ந்தால் ஐ 22. நாளடைவில் ஆறித் தழும்பாகிய பழைய மாரடைப்பு ஐ 25.2 எனப்படும். இப்பாகுபாடு வெறும் அலுவலகக் கணக்கன்று. மாரடைப்பின்போது இரத்தத்தில் உயரும் டிரோபோனின் என்னும் புரதம் ஒரு வாரத்திற்கு மேலும் உயர்ந்தே இருக்கக்கூடும், பழைய ஈ.சி.ஜி. மாற்றங்களும் நீடிக்கும். முந்தைய தேதி தெரியாவிடில், எது பழையது, எது புதியது என்று பிரித்தறிவது கடினம். அன்றியும், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்டிரெப்டோகைனேஸ் மருந்தை முன்னரே பெற்றவருக்கு அதையே மீண்டும் செலுத்துவதை நாங்கள் தவிர்க்கிறோம். உடலில் அதற்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும். குறியீடு இதைச் சொல்லாது. அதே தாளின் சிகிச்சைப் பகுதி சொல்லும்.

அந்தப் பெரியவரின் வீட்டார் தாளைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பினர். ஐ 21.1, ஸ்டிரெப்டோகைனேஸ் தரப்பட்டது என்று அதில் இருந்தது. ஆகவே அம்மருந்தை விடுத்து நேராக ஆஞ்சியோகிராம் அறைக்கு அழைத்துச் சென்றோம். வீடு திரும்பியபோது அவருடைய புதிய தாளில் ஐ 22.1 என்று எழுதினேன்.

2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. அங்கு எழுதித்தரும் சீட்டைத் திருமங்கலத்துக்கோ மதுரைக்கோ செல்லும்போது தவறாமல் உடன் கொண்டுசெல்லுங்கள். தாளில் 9 என்று இருந்தால், விவரமாக எழுத இயலுமா என்று மருத்துவரைக் கேட்பதில் தயக்கம் வேண்டா. தாளின் எல்லாப் பக்கங்களையும் வீட்டில் இருவருடைய கைப்பேசிகளிலேனும் படமெடுத்து வையுங்கள். ஆனால் நெஞ்சுவலி வந்த வேளையில் பீரோவைத் திறந்து தேடிக்கொண்டிராமல் முதலில் 108-ஐ அழையுங்கள். தாளைப் பின்னால் வருபவர் கொண்டுவரலாம்.