ஒரு பெயர், பல எழுத்து

தேவாரம்

சிரஞ்சீவி பேரனுக்குத் தாத்தா எழுதுவது.

1895-இல் பெரியாற்று அணையைக் கட்டி முடித்து நம் கம்பம் பள்ளத்தாக்கை வாழவைத்த கர்னலின் பெயரைப் பென்னிகுயிக் என்றும், பென்னி குவிக் என்றும், பென்னிகுக் என்றும் பலவிதமாக எழுதுகிறார்களே, எது பிழை என்று, நீ எழுதும் கட்டுரைக்காகக் கேட்டிருந்தாய். ஸ்காட்லாந்திலே எடின்பரோவுக்குத் தெற்கே அப்பெயருடைய ஊர் ஒன்றுண்டு. ஊரார் வாயில் அது பென்னிகுக் என்றே ஒலிக்கும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரில் ஒற்றை 'என்' எழுத்து இருக்க, கர்னலின் குடும்பத்தார் இரட்டை 'என்' இட்டனர். இன்னொரு கிளையாரோ, நளபாகத்துக்கும் தங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாதபோதிலும், சமையற்காரருக்குரிய ஆங்கிலச் சொல்லையே ஈற்றில் வைத்துக்கொண்டனர்!

எழுத்துமுறை நிலைபெறாத முற்காலத்தில், ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தேவாலயப் பதிவேட்டில் குறித்த குமாஸ்தா, தன் செவியில் விழுந்ததையே எழுதினான். கேலிக் மொழிப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடக்கப் புகுந்தபோது குழப்பம் பெருகிற்று. மகனைக் குறிக்கும் 'மாக்' என்னும் முன்னொட்டை முழுதாக எழுதுவோர் ஸ்காட்லாந்தியர், சுருக்கி எழுதுவோர் ஐரிஷ்காரர் என்பாருண்டு. அது ஆதாரமற்ற பேச்சு. சுருக்கம் எழுதியவன் சௌகரியமேயன்றி வம்சத்தின் அடையாளமன்று.

நம் மலைக்கு அப்பால், 1877-இல் பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகை பெற்ற மன்றோவும், சென்னைக் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோவும் ஒரே விதமாக எழுதிய பெயர், எடின்பரோவின் உடற்கூற்றுப் பேராசிரியர் குடும்பத்தில் ஓர் உயிரெழுத்து மாறியும், அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோவிடம் ஈற்றில் மேலும் ஒன்று கூடியும் காணப்படுகிறது.

நம்மவர் கதையும் வேறன்று. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி தம் குடும்பப் பெயரை 'சி'யில் தொடங்கினார். வேறு குமாரசாமிகள் 'கே'யில் தொடங்குகின்றனர். 1860 முதல் தென்னாப்பிரிக்க நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழரிடையே முதலியார் 'மூட்லி'யாகவும், கவுண்டர் 'கவெண்டர்' ஆகவும் மாறிப்போயினர்.

ஆதலால், கடல் கடந்த உறவினர் பெயரைத் தேடும்போது ஓர் எழுத்தில் அகப்படவில்லையென்று ஏட்டை மூடிவிடாதே. ஒலியைப் பிடித்துக்கொண்டு, ஊரையும் தகப்பனார் பெயரையும் ஆண்டையும் ஒப்பிட்டுப் பார். எழுத்து ஒன்றாயிருந்து இவை வேறானால் உறவு கொண்டாடாதே. கர்னலை ஆங்கிலத்தில் எழுதினால் அவர் எழுதியபடியே எழுது. தமிழில் எனக்குப் பென்னிகுயிக்கே பிடித்தம், நீ எதை எடுத்தாலும் கட்டுரை முழுவதும் அதையே வைத்துக்கொள்.

உன் பள்ளிச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் உன் பெயர் வெவ்வேறாக இருப்பதாக அம்மா சொன்னாள். சர்க்கார் குமாஸ்தாவிடம் இந்தச் சரித்திரமெல்லாம் செல்லாது. பரீட்சைக்கு முன்னரே அதைத் திருத்திவிடு.

இப்படிக்கு,
தாத்தா