கருஞ்சீரகமும் புற்றுநோயும்



நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கருஞ்சீரகத்திற்குத் தனி மதிப்பு உண்டு. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் பதிவு செய்துள்ளார்கள். ஆனால் இதையே காரணமாகக் கொண்டு, புற்றுநோய் கண்டவர்கள் சிலர் ஆஸ்பத்திரி சிகிச்சையைக் கைவிட்டு, கருஞ்சீரக எண்ணெய் ஒன்றையே நம்பியிருந்து விடுகிறார்கள். இது முறைதானா? ஆராய்வோம்.

ஹதீஸின் கருத்து

சொல் பொதுவாக இருந்தாலும் கருத்து குறிப்பானது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கம் தருகிறார்கள். அதாவது, அவ்விதையின் தன்மைக்கு ஏற்ற நோய்களுக்கே அது மருந்து. இதற்கு இப்னுல் கையிம் (ரஹ்) திருக்குர்ஆனிலிருந்தே உதாரணம் காட்டுகிறார்கள். ஆது கூட்டத்தார் மீது வீசிய காற்று 'எல்லாவற்றையும்' அழித்ததாக அஹ்காஃப் அத்தியாயம் 25-ஆம் வசனம் கூறுகிறது. ஆயினும் அவர்களுடைய வீடுகள் எஞ்சி நின்றதாக அதே வசனம் சொல்கிறது. ஆகவே, 'எல்லாம்' என்ற சொல்லை இடமறிந்து பொருள் கொள்ள வேண்டும்.

ஆராய்ச்சி கூறுவது

கருஞ்சீரகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் உள்ளது. அதன் வாசனை எண்ணெயில் தைமோகுயினோன் என்னும் பொருள் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் பிராண வாயு உடலில் பயன்படும்போது, அணுக்களைச் சிதைக்கும் சில பொருள்கள் உண்டாகின்றன. அவற்றைத் தணிப்பவற்றுக்கே 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று பெயர். தைமோகுயினோனுக்கு இச்சக்தி உண்டு. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றணுக்களை அது அழித்திருக்கிறது; எலிகளின் கட்டிகளை வளரவிடாமல் தடுத்தும் இருக்கிறது.

ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, மனித உடல் வேறு. மனிதருக்கு வந்த புற்றுநோயை இது குணப்படுத்தும் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் என்னும் ஆன்டி ஆக்ஸிடன்டை அவர்களில் ஒரு சாராருக்கு மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வெளிவந்தது. மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகவே காணப்பட்டது! நல்லதென்று நினைத்தது தீங்காயிற்று.

செடியிலிருந்து புற்றுநோய் மருந்தே கிடைக்காது என்பதல்ல நம் வாதம். நித்திய கல்யாணிச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் மருந்தை நோபிள், பீர் ஆகியோர் கனடாவில் 1958-இல் கண்டறிந்தனர். அதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஊசி மூலம் தரப்படுகிறது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். பிரித்தெடுத்து, அளவறிந்து, நோயாளிகளிடம் சோதித்த பிறகே அது மருந்தாயிற்று. அந்த இலையை வீட்டில் கஷாயம் வைத்துக் குடித்தால் நஞ்சாகிவிடும்.

நாம் செய்ய வேண்டியது

1. கருஞ்சீரகத்தை உணவோடு அளவாக உண்ணலாம், தடையில்லை.

2. புற்றுநோய்ச் சிகிச்சையை ஒருபோதும் நிறுத்தலாகாது. ஆரம்பத்தில் குணமாகக்கூடிய கட்டி, தாமதத்தால் கைமீறிப் போகும்.

3. எண்ணெயோ பொடியோ மருந்தாக உட்கொள்பவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அது குறைக்கக்கூடும். கர்ப்பிணிகள் மிகுதியாக உண்ணக் கூடாது.

ஸஅத் (ரலி) அவர்கள் நெஞ்சு நோயால் வாடியபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். அப்போது ஸகீஃப் கோத்திரத்து வைத்தியரான ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லும்படி அவரிடம் கூறிய செய்தி அபூதாவூதில் உள்ளது. கைதேர்ந்த வைத்தியரை நாடுவதும் நபிவழியே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.