சிறு தொழில்முனைவோரும் பல்கலைக்கழகத்துக்கு விற்க: கொள்முதல் கமிட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பர்ச்சேஸ் கமிட்டியில் முதன்முறையாக உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்கள். கவர் பிரிக்கும் நாளில் போய் உட்கார்ந்து, ஒப்பீட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதுதான் வேலை என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கவர் பிரிக்கும்போது முக்கால்வாசி முடிவு ஆகிவிட்டிருக்கும் என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. யார் உள்ளே வரலாம், யார் வாசலோடு திரும்ப வேண்டும் என்பதை இண்டென்ட் எனும் தேவைக் கோரிக்கையிலும் டெண்டர் நிபந்தனைகளிலும் நாமே முன்கூட்டி எழுதிவிடுகிறோம்.

விடுதிக்கு அரிசி, மெத்தை, தேர்வுத் துறைக்கு விடைத்தாள், ஆய்வகத்துக்குப் பீக்கர், பட்டமளிப்புக்கு அங்கி என்று பல்கலைக்கழகம் வாங்காத பொருள் குறைவு. அவ்வளவையும் பழகிய நாலைந்து கம்பெனிகளே கொடுத்துக்கொண்டிருந்தால், பக்கத்துத் தொழிற்பேட்டையில் அதே பொருளைச் செய்பவருக்கு நம் வாசல் எங்கே என்றே தெரியாது. அதை மாற்ற விதிகள் இடம் தருகின்றன. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பழைய பில்களை எடுத்துப் பாருங்கள்

கடந்த மூன்று ஆண்டுகளின் பில் பதிவேட்டை நிதிப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் எதிரிலும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: குறு அல்லது சிறு நிறுவனமா, பெண் உரிமையாளரா, பட்டியல் சாதி அல்லது பழங்குடி உரிமையாளரா, தானே தயாரிப்பவரா வாங்கி விற்பவரா. இரண்டு நாள் வேலை இது. இதைச் செய்யாமல் எந்த இலக்கும் வைக்க வேண்டாம்.

2. விதி என்ன தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கையை மத்திய அரசு 2012-ல் கொண்டுவந்தது. ஆண்டுக் கொள்முதலில் இந்த நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டிய பங்குக்கான இலக்கு முதலில் 20 சதவீதமாக இருந்தது; அது 2018-ல் செய்த திருத்தத்தால் 25 சதவீதமானது. அந்த 25-க்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம். 358 பொருட்கள் இந்த நிறுவனங்களிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டியவை. மத்திய அரசுத் துறைகளையும் பொதுத்துறை நிறுவனங்களையும் மனதில் வைத்து வந்த கொள்கை இது. ஆனாலும் மத்திய நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்கள் பல, தங்கள் டெண்டர்களில் இந்தச் சலுகைகளைச் சேர்க்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் அதன் விதிகளையும் முதலில் படியுங்கள்.

பலருக்கும் பிடிபடாத ஒரு சலுகையைக் கணக்காகவே சொல்கிறேன். 400 நாற்காலிக்கு டெண்டர். ஒரு பெரிய கம்பெனி 2,000 ரூபாய் போட்டு எல்-1, அதாவது மிகக் குறைந்த விலைக்காரர், ஆகிறது. ஒரு சிறு நிறுவனத்தின் விலை 2,250. எல்-1 விலையோடு 15 சதவீதம் சேர்த்தால் 2,300. அந்த வரம்புக்குள் இவர் இருக்கிறார். 2,000 ரூபாய்க்கே தர ஒப்புக்கொண்டால் ஆர்டரில் கால் பங்கு, அதாவது 100 நாற்காலி, அவருக்கு. பல்கலைக்கழகத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. ஆனால் இந்த ஷரத்து டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். கவர் பிரித்த பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

3. நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒருமுறை விடுதிக்குப் படிப்பு மேசைகள் கேட்டு டெண்டர் விட்டிருந்தோம். மொத்த மதிப்பு சுமார் 9 லட்சம். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு ஸ்டோர்ஸ் கவுன்டரில் ஓர் அம்மா வந்து நின்றார். சொந்தமாக மரப்பட்டறை நடத்துபவர். கையில் எங்கள் டெண்டர் பிரதி. இரண்டு வரிகளுக்கு அடியில் நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"சார், மேசை நானே செய்யறேன். உற்பத்தியாளரோட அங்கீகாரக் கடிதம் வேணும்னு போட்டிருக்கீங்களே, நான் யார்கிட்ட போய் வாங்குறது?"

இரண்டாவது கோடு, மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டு டர்ன்ஓவர் 2 கோடி வேண்டும் என்ற வரிக்குக் கீழே. உள்ளே போய்ப் பழைய ஃபைலைத் தேடினேன். முன்பு நுண்ணோக்கி வாங்க எழுதிய நிபந்தனைகளை அப்படியே நகலெடுத்து, பொருளின் பெயரை மட்டும் மாற்றியிருந்தோம். அந்த டெண்டரைத் திருத்த நாள் போதவில்லை. அவர் போட்டியில் கலந்துகொள்ளாமலே போய்விட்டார். அந்த நீலக் கோடு இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேராக "இந்தப் பொருளுக்கு இது எதற்கு?" என்று கேளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும், தரமும் தொழில்நுட்பத் தகுதியும் குறையாத வரை, முன் அனுபவத்தையும் டர்ன்ஓவரையும் தளர்த்தலாம் என்று மத்திய அரசின் விதிகளே சொல்கின்றன. ஈஎம்டி எனும் முன்வைப்புத் தொகையிலிருந்தும் இந்த நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. பிராண்ட் பெயரை எழுதாதீர்கள். பலகையின் தடிமன், எஃகுக் குழாயின் அளவு, தாங்க வேண்டிய எடை என்று அளந்து பார்க்கக்கூடியதை எழுதுங்கள்.

4. பெரிய டெண்டரைப் பகுதிகளாக்குங்கள், ஆனால் துண்டு போடாதீர்கள்

இரண்டும் வேறு வேறு. மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காக ஒரே தேவையைச் சின்னச் சின்ன கொட்டேஷன்களாக உடைப்பது விதிமீறல். ஆடிட்டில் மாட்டும், மாட்டவும் வேண்டும். ஒரே டெண்டருக்குள் கட்டில் ஒரு பகுதி, மெத்தை ஒரு பகுதி, அலமாரி ஒரு பகுதி என்று பிரித்து, பகுதிவாரியாக எல்-1 பார்ப்பது முறையானது. மூன்றையும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்றால் மெத்தை மட்டும் தைப்பவர் வரவே முடியாது. எதையெல்லாம் பிரிக்கிறோம், ஏன் பிரிக்கிறோம் என்பதை ஃபைலில் குறிப்பாக எழுதிவிட்டு முழு மதிப்புக்கு உரிய அதிகாரியிடம் ஒப்புதல் வாங்குங்கள்.

5. தேடிப் போங்கள்

மாவட்டத் தொழில் மையம், தொழிற்பேட்டைச் சங்கங்கள், சுய உதவிக் குழுக்களுக்கு மகளிர் திட்ட அலுவலகம், தலித் தொழில்முனைவோருக்கு 2005-ல் தொடங்கிய தலித் இந்திய வர்த்தகத் தொழில் சபை: இவர்களுக்கு அடுத்த ஆண்டின் கொள்முதல் பட்டியலை முன்கூட்டியே அனுப்புங்கள். வருடத்துக்கு ஒருமுறை அரை நாள் கூட்டம் போட்டு, 2016-ல் தொடங்கிய அரசின் ஜெம் இணையச் சந்தையில் எப்படிப் பதிவு செய்வது என்று திரையில் காட்டுங்கள். பதிவுக்கு ஓடிபி எந்த எண்ணுக்கு வரும் என்பதிலேயே பலர் திணறி நின்றுவிடுகிறார்கள். கூட்டத்துக்கு எல்லோரையும் அழையுங்கள். ஒருவரை மட்டும் அறைக்குக் கூப்பிட்டுப் பேசாதீர்கள்.

6. சான்றிதழைச் சரிபாருங்கள்

குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவு எண்ணை இணையத்தில் போட்டு உறுதிப்படுத்துங்கள். வாங்கி விற்கும் வணிகர்களும் 2021 முதல் உத்யம் பதிவு பெறலாம். ஆனால் அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. கொள்முதல் சலுகை அவர்களுக்குக் கிடையாது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் பங்கு என்றால் கூட்டு நிறுவனத்திலும் பிரைவேட் லிமிடெட்டிலும் குறைந்தது 51 சதவீதம் அவர்களுடையதாக இருக்க வேண்டும். பெயருக்கு மனைவியை முன்னே நிறுத்தி நடத்தும் நிறுவனம், உண்மையான பெண் தொழில்முனைவோரின் இடத்தைத்தான் பறிக்கிறது.

7. பணத்தை நேரத்துக்குக் கொடுங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தும், பில் ஆறு மாதம் தூங்கினால் அடுத்த டெண்டருக்கு அந்தச் சிறு நிறுவனம் வராது. பெரிய கம்பெனி காத்திருக்கும். பட்டறைக்காரருக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, பொருளை ஏற்றுக்கொண்டதிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் பணம் போய்ச் சேர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக.

தாமதம் பெரும்பாலும் நிதிப் பிரிவில் நடப்பதில்லை. பொருள் வந்த துறையில், பரிசோதனைச் சான்றில் கையெழுத்தாகாமல், ஸ்டாக் என்ட்ரி போடாமல், பில் பேராசிரியரின் மேசை டிராயரில் கிடக்கும். எனவே சிறு நிறுவனங்களின் பில்லுக்குத் தனி நிற உறை வையுங்கள். பொருள் வந்த தேதியை உறையின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலை, துறை துறையாகப் போன் போட்டு எந்த உறை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.