டப்பெட் லிஃப்டரை ஆயிலில் ஊறவைக்க வேண்டுமா?

கேள்வி: என் ஸ்விஃப்ட் டீசல் காரில் டப்பெட் சத்தம். புது ஹைட்ராலிக் லிஃப்டர் வாங்கிவிட்டேன். ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். அவசியமா?
– வாசகர், வளையமாதேவி

பதில்: வெறுமனே ஊறவைத்தால் போதாது. உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும், அதுதான் முக்கியம். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் என்ஜின்தான் உங்கள் வண்டியில் இருப்பது. அதில் லிஃப்டர் ஹெட்டில் நின்று, ராக்கரின் ஒரு முனையைத் தாங்குகிறது.

சுத்தமான கிண்ணத்தில் அந்த என்ஜினுக்குரிய ஆயிலையே ஊற்றி, லிஃப்டரை நிமிர்த்தி முழுக வையுங்கள். மேல் துளையில் மெல்லிய கம்பியை விட்டு, உள்ளிருக்கும் குண்டு வால்வை இலேசாக அழுத்தியபடி பிளஞ்சரை ஏற்றி இறக்குங்கள். முதலில் கொப்புளம் கொப்புளமாக வரும். அது நின்றபின் கம்பியை எடுத்துவிட்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி நிற்க வேண்டும். பஞ்சு போல அமுங்கினால் காற்று இன்னும் இருக்கிறது. படுக்க வைத்தால் ஆயில் கசிந்துவிடும். உங்கள் பக்கம் புழுதி அதிகம். மூடியே வையுங்கள், ஒரு மண் துகள் போதும் அந்த வால்வைக் கெடுக்க.

கேம்ஷாஃப்ட்டை மாட்டியதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்! நிரம்பிய லிஃப்டர் என்ஜின் வால்வைத் திறந்தே வைத்திருக்கும், பிஸ்டன் போய் இடிக்கும். ஃபோக்ஸ்வாகன் கையேடுகள் சுமார் 30 நிமிடம் காத்திருக்கச் சொல்கின்றன. இங்கும் அதையே செய்யுங்கள். பிறகு கிராங்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் பலவந்தம் வேண்டாம்.

புது ஆயில், புது ஃபில்டர் கட்டாயம். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் டிக் டிக் கேட்கும், பயப்படாதீர்கள். சத்தம் நிற்கவே இல்லையென்றால் ஆயில் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள்.