மனசு வராத நாளில் என்ன செய்வது?



ஜனவரியில் நடக்க ஆரம்பிக்கிறவர்கள் அநேகர். பிப்ரவரியில் அவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம்ம சந்தவாசலில் விடியற்காலை படவேடு சாலையைப் பார்க்கிற எவருக்கும் இது தெரியும். "பிரதர், நடக்கணும்னுதான் இருக்கேன், மனசே வரமாட்டேங்குது" என்று என்னிடம் சொல்லுகிறவர்களுக்காகவே இந்தப் பாடம்.

"தறியில நாள் முழுக்க மிதிக்கிறோமே, அது போதாதா?" என்று நெசவு செய்கிறவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குழித்தறியில் கால் அசைந்தாலும் முதுகும் இடுப்பும் பல மணி நேரம் ஒரே நிலையில் மடங்கிக் கிடக்கின்றன. 1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாயிருந்தது. ஒரே பஸ், ஒரே சாலை!

1 தீமோத்தேயு 4:8-ஐக் காட்டி சோம்பலுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் உண்டு. பவுல் அங்கே தேவபக்தியோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். காலை நீட்டிப் படுக்கச் சொல்லவில்லை. அவரே ஊர் ஊராய் நடந்தவர்.

சரி, மனசு வராத நாளில் என்ன செய்வது? மனசுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதே என் எண்ணம். தறியில் உட்காரும்போது தினமும் உற்சாகம் வந்தா உட்காருகிறோம்? நேரமானால் உட்காருகிறோம். அப்படியே நடையையும் ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். காலை டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்தவுடன் செருப்பை மாட்டுவது, இவ்வளவுதான்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளியான ஆய்வும் இதையே ஒட்டியது. தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு காரியத்தைச் செய்தவர்களுக்கு அது பழக்கமாக நடுத்தரமாய் 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது, சிலருக்கு 254 நாள் வரைக்கும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆகவே, 'அவருக்கு வந்துடுச்சு, எனக்கு வரலையே' என்று சோர்ந்துபோகாதிருங்கள். ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதிலே தெரிந்தது. பாவில் ஓர் இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிகிற நெசவாளி உண்டா? முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த ஊடையை ஓட்டுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்ததை 2020-ல் எடுத்துவிட்டார்கள். மனசில்லாத நாளில் தெருமுனை வரைக்கும் போய் வந்தாலும் அது கணக்கில் சேரும். மழையானால் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து பத்து தடவை உட்கார்ந்து எழும்புங்கள். முழங்கால் வலியுள்ள அம்மாமார் நாற்காலியிலிருந்து எழும்பி உட்கார்ந்தால் போதும்.

இன்னொன்று. சில சமயம் அது சோம்பலே அல்ல, சரீரம் களைத்துப்போயிருக்கும். 1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின் கீழே சாவை விரும்பிப் படுத்தபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்க விட்டான். நாற்பது நாள் நடை அதற்குப் பிறகுதான். முகூர்த்த ஆர்டருக்காக ராத்திரி கண்விழித்து நெய்தவர் காலையில் முதலாவது தூங்கட்டும், சாயங்காலம் நடக்கலாம். நடக்கும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் மட்டும் உடனே நின்று, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.